ஒருவன் உயிரும் ஊரார் நலமும்



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை யந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உறவினரில் எவருடைய சிறுநீரகமும் அவனுக்குப் பொருந்தவில்லை. அந்நேரத்தில் வைத்தியர் வந்து சொல்கிறார்: "பன்றியின் சிறுநீரகம் ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாம். பிழைத்தாலும் பிழைப்பான். ஆனால் அந்தப் பன்றியிடமிருந்து ஏதாவதொரு கிருமி அவன் உடம்பில் குடியேறக்கூடும். அவனிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவவுங் கூடும். சம்மதந்தானா?"

பெற்ற வயிறு என்ன பதில் சொல்லும்? "சம்மதம், உடனே செய்யுங்கள்" என்றுதான் சொல்லும். அதற்காக உங்களை யாரும் குறை கூற மாட்டார்கள். ஆனால் வைத்தியர் கேட்ட ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருந்ததைக் கவனித்தீர்களா? ஒன்று, பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்து. மற்றொன்று, பிறருக்கு வரக்கூடிய ஆபத்து. முதற் கேள்விக்கு நீங்களும் பிள்ளையும் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு "சம்மதம்" என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவனைக் கேட்டீர்களா? நாளைக்கு அவனோடு ஒரே பஸ்ஸில் உட்காரப் போகிறவனைக் கேட்டீர்களா?

இது வெறுங் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 2022-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மேரிலாந்து சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில், மனித இருதயம் கிடைக்க வழியில்லாமல் மரணத் தறுவாயில் இருந்த 57 வயதுள்ள ஒருவருக்குப் பன்றியின் இருதயத்தைப் பொருத்தினார்கள். 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் பாஸ்டன் நகரில் 62 வயதுள்ள மற்றொருவருக்குப் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரியில் அதே ஆஸ்பத்திரியில் வேறொருவருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகம் 271 நாட்கள் அவர் உடலில் இருந்தது. பல நோயாளிகளிடம் இம்முறையை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க அமெரிக்க அரசாங்கம் 2025-ல் அனுமதியும் கொடுத்துவிட்டது. ஆகையால் இன்று அங்கே எழும் கேள்வி நாளை எங்கும் எழலாம். எழும்போது யோசிக்க நேரமிராது. இப்போதே யோசிப்பது நல்லது.

பழையது எது, புதியது எது?

"பன்றியிடமிருந்து எடுத்ததை மனிதனுக்குக் கொடுப்பது புதிதா? சர்க்கரை வியாதிக்குப் பன்றி இன்சுலின் போட்டவர்கள் இல்லையா? பன்றியின் இருதய வால்வைப் பொருத்திக்கொண்டு நடமாடுகிறவர்கள் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். மெய்தான். ஆனால் இன்சுலின் சுத்திசெய்து எடுத்த ஒரு மருந்து. வால்வோ இரசாயனத்தில் ஊறவைத்துப் பதப்படுத்திய உயிரற்ற தசை. அவற்றில் கிருமி உயிரோடு தங்குவது அரிது. முழு இருதயம், முழுச் சிறுநீரகம் என்னும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. அது உயிரோடு வந்து, உயிரோடு தங்கி, இரவும் பகலும் மனித இரத்தத்தில் தோய்ந்து வேலை செய்ய வேண்டும். அது உயிரோடு இருந்தால், அதற்குள் ஒளிந்திருப்பதும் உயிரோடு இருக்கும்.

முதலில் வைத்தியர்கள் குரங்கினத்தை நாடினார்கள். 1984-ல் அமெரிக்காவில் ஒரு பச்சிளங் குழந்தைக்குப் பபூன் என்னும் பெருங்குரங்கின் இருதயம் வைக்கப்பட்டது. குழந்தை மூன்று வாரம் உயிரோடிருந்தது. 1992-ல் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவருக்குப் பபூனின் ஈரல் வைக்கப்பட்டது. அவர் 70 நாள் உயிரோடிருந்தார். பிறகு குரங்கை விட்டுவிட்டுப் பன்றிக்கு வந்தார்கள். பன்றி சீக்கிரம் வளரும், ஏராளமாய்க் குட்டி போடும், அதன் உறுப்புகளும் மனித உறுப்புகளின் பருமனுக்கு ஒத்து வரும். இவற்றோடு முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. குரங்கு நமக்கு நெருங்கிய இனம். அதன் கிருமிக்கு நம் உடம்பு அந்நியமான இடமல்ல. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி ஆப்பிரிக்காவில் சிம்பன்சிக் குரங்கிடமிருந்தே மனிதனுக்கு வந்ததென்பது இன்று ஆராய்ச்சியாளர் அறிந்த உண்மை.

அப்படியானால் பன்றி பயமற்றதா? அதுவும் இல்லை. 1998-லும் 1999-லும் மலேசியாவில் பன்றி வளர்ப்பவர்களிடையே மூளைக் காய்ச்சல் ஒன்று பரவி நூற்றுக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோயிற்று. அதன் கிருமி பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்ததெனப் பின்னால் கண்டுபிடித்தார்கள். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரே அந்தக் கிருமிக்கும் ஆயிற்று. நோயை அடக்க ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. வெளியே தொழுவத்தில் நின்ற பன்றி இவ்வளவு செய்யுமானால், நெஞ்சுக்குள் வைத்த பன்றியின் உறுப்பைப்பற்றிக் கவலைப்படுவது கோழைத்தனமாகுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரணமாக மிருகத்தின் கிருமி நம்மை அணுகினால் தோல் தடுக்கும், வயிற்றின் அமிலம் தடுக்கும், இரத்தத்திலுள்ள காவற்படை தடுக்கும். உறுப்பைப் பொருத்தும்போது தோலையும் வயிற்றையும் தாண்டி நேரே உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம். அந்நிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாதபடி மருந்து கொடுத்துக் காவற்படையையும் தூங்க வைக்கிறோம். அதோடு முடியவில்லை. பன்றியின் உயிரணுக்கள் மேல் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் உண்டு. அதைக் கண்டதும் மனித இரத்தம் சீறி எழும். ஆகவே அந்தச் சர்க்கரை இல்லாதபடி பன்றியின் மரபணுவையே மாற்றி விடுகிறார்கள். பன்றியின் சில கிருமிகள் அந்தச் சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வரும்போதுதான் நம் இரத்தம் அவற்றை அடையாளங் கண்டு அழிக்கிறது. உறுப்புக்காக எடுத்த வேலி கிருமிக்கும் வழி விட்டுவிடுகிறது.

ஆபத்தை அளப்பது எப்படி?

பயம் ஒன்று, அளந்தறிவது மற்றொன்று. இருட்டில் கயிற்றைப் பாம்பென்று அலறுகிறவனும் தவறு செய்கிறான். பாம்பைக் கயிறென்று மிதிக்கிறவனும் தவறு செய்கிறான். விளக்கைக் கொண்டுவந்து பார்ப்பவனே புத்திசாலி. இந்த விஷயத்தில் ஆராய்ச்சியாளர் ஐந்து கேள்விகளைக் கேட்கிறார்கள். முதலாவது, அந்தப் பன்றியிடம் கிருமி இருக்கிறதா? இரண்டாவது, அது மனித உயிரணுக்குள் நுழைய வல்லதா? மூன்றாவது, நுழைந்தபின் பெருக வல்லதா? நான்காவது, பெருகினால் வியாதியை உண்டாக்குமா? ஐந்தாவது, அந்த வியாதி ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுமா? இவை சங்கிலியின் ஐந்து வளையங்கள். எந்த ஒரு வளையம் அறுந்தாலும் ஊருக்கு ஆபத்தில்லை. ஆனால் அறுந்தது என்று சொல்லப் பரீட்சை வேண்டும். வெறும் நம்பிக்கை போதாது.

ஓர் உதாரணம் பாருங்கள். பன்றியின் மரபணுக்களோடு பின்னிக் கிடக்கும் ஒருவகைக் கிருமி உண்டு. தாயிடமிருந்து குட்டிக்குப் பிறப்பிலேயே வருவதால், எவ்வளவு சுத்தமாக வளர்த்தாலும் அது போகாது. 1997-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், அந்தக் கிருமி கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த மனித உயிரணுக்களைத் தொற்றுகிறது என்று கண்டார்கள். உடனே அவ்வருஷமே அமெரிக்க அரசாங்கம் பன்றி உறுப்புச் சோதனைகளை நிறுத்திவைத்து, கிருமியைக் கண்டறியும் வழி ஏற்பட்ட பிறகே தொடரவிட்டது. 1999-ல், முன்னரே பன்றியின் உயிருள்ள தசைகளோடு சம்பந்தப்பட்ட 160 பேரைச் சோதித்தார்கள். ஒருவரிடமும் தொற்று காணப்படவில்லை. பிறகு 2017-ல் அந்தக் கிருமியின் விதையை மரபணுவிலேயே செயலிழக்கச் செய்த பன்றிக் குட்டிகளைப் பிறக்கச் செய்தார்கள்.

இது சந்தோஷமான செய்திதான். ஆயினும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "காணப்படவில்லை" என்பது வேறு, "இல்லை" என்பது வேறு. அந்த 160 பேரில் பலருக்குப் பன்றித் தசையோடு இருந்த சம்பந்தம் சொற்ப நேரமே. இருபது வருஷம் பன்றிச் சிறுநீரகத்தோடு வாழ்ந்தவர் உலகத்தில் இன்னும் ஒருவருமில்லை. "காணவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இல்லை" என்று சொல்லிவிடுகிறவன், நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், உண்மையைக் கொஞ்சம் நீட்டிவிட்டான். பொய்யின் ஆரம்பம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

பால்டிமோர் தந்த பாடம்

மேலே சொன்ன 57 வயது மனிதரின் சங்கதிக்கு வருவோம். அந்தப் பன்றியின் பத்து மரபணுக்களை மாற்றியிருந்தார்கள். அதைத் தனியே காவலில் வளர்த்திருந்தார்கள். மூக்கிலிருந்து சளி எடுத்துக் கிருமி இருக்கிறதாவென்று சோதித்திருந்தார்கள். "இல்லை" என்றே விடை வந்தது. புதிய இருதயம் நன்றாகத் துடித்தது. நோயாளி எழுந்து உட்கார்ந்தார், பேசினார். இருபதாம் நாள் இரத்தத்தைச் சோதித்தபோது பன்றிக்கே உரிய ஒரு வைரஸின் சிறு அடையாளம் தென்பட்டது. அது வரவர அதிகமாயிற்று. இரண்டு மாதம் சென்று, மார்ச் 8-ந் தேதி அவர் இறந்தார்.

மூக்கைப் பார்த்தவர்களுக்கு ஏன் அது அகப்படவில்லை? சின்னம்மை கண்டவன் உடம்பில் அந்தக் கிருமி பல வருஷம் அடங்கிக் கிடந்து, உடம்பு தளரும் காலத்தில் அக்கியாகத் தலைகாட்டுவதை நாம் அறிவோம். இந்தப் பன்றி வைரஸும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மூக்கில் இராமல் உள்ளே பதுங்கிக் கிடந்தது. இரத்தத்தில் அதற்கு எதிராக உண்டாகும் பொருளைத் தேடியிருந்தால் அகப்பட்டிருக்கக்கூடும். அதற்கு முன்னரே ஜெர்மனியில் பபூன் குரங்குகளுக்குப் பன்றி இருதயம் வைத்துப் பார்த்தவர்கள், இந்தக் கிருமி இருந்த இருதயங்கள் ஒரு மாதங்கூடத் தாங்காமற் போனதையும், கிருமியற்ற இருதயங்களில் சில ஆறு மாதத்துக்கு மேல் தாங்கியதையும் 2020-ல் எழுதியிருந்தார்கள்.

வைத்தியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இறந்ததற்குப் பல காரணங்கள் சேர்ந்திருந்தன. கிருமியும் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாமென்று 2023-ல் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்தக் கிருமி வேறொருவருக்குப் பரவியதாக அடையாளமும் இல்லை. அவர்கள் மறைக்காமல் எழுதியதனால், பின்னால் வந்தவர்கள் பன்றிகளைச் சோதிக்கும் முறையைக் கடுமையாக்கினார்கள். தவறியது தவறு. தவறியதைச் சொன்னது புண்ணியம்.

நாம் படிக்க வேண்டிய பாடம் இது: மிகுந்த படிப்பும், மிகுந்த பணமும், மிகுந்த ஜாக்கிரதையும் சேர்ந்த இடத்திலும், தேடிய கிருமி தேடிய இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருந்தது. தெரிந்த கிருமியின் விஷயமே இப்படியானால், பெயரே தெரியாத கிருமியைப்பற்றி என்ன சொல்வது? அதைத் தேடும் பரீட்சை ஏது?

யாருடைய சம்மதம்?

நிற்க. இனி நியாயத்தைப் பார்ப்போம்.

"என் உடம்பு, என் இஷ்டம். சாகப்போகிறவன் நான். துணிந்து பார்க்க எனக்கு உரிமையில்லையா?" என்று நோயாளி கேட்கலாம். தன் அளவில் உரிமை உண்டு. ஆனால் தொற்றுநோயில் "என் உடம்பு" என்று தனியாக ஒன்றில்லை. என் இருமல் உன் மூச்சில் கலக்கிறது. 2020-ல் நாமெல்லாரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திரிந்தோமே, ஏன்? நமக்காக மட்டுமா? எதிரே வந்த கிழவருக்காகவும் அல்லவா? ஆகையால் நோயாளியின் சம்மதம் அவசியம், ஆனால் அது மட்டும் போதுமானதல்ல. தன் காசைத் தர்மம் செய்ய எவனுக்கும் உரிமை உண்டு. பொதுப் பணத்தைத் தர்மம் செய்ய ஒருவனுக்கும் தனியாக உரிமை இல்லை. ஊரார் ஆரோக்கியம் பொதுப் பணம்.

அமெரிக்க அரசாங்கம் 2001-ல் வகுத்த விதிகளைக் கேளுங்கள். மிருக உறுப்பை ஏற்றுக்கொண்டவன் ஆயுள் முழுவதும் வைத்தியர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரத்த தானம் செய்யக் கூடாது. அவனுடைய வாழ்க்கைத் துணைக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துணையும் இரத்த தானம் செய்யக் கூடாது. அவனுடைய இரத்த மாதிரிகளையும் அந்த மிருகத்தின் மாதிரிகளையும் 50 வருஷம் பாதுகாத்து வைக்க வேண்டுமென்று அவ்விதிகள் அன்று கூறின. எதற்காக? இன்று காணாத கிருமி நாற்பது வருஷம் கழித்துத் தலைகாட்டினால், அது எங்கிருந்து வந்ததென்று தேடிப் பார்ப்பதற்காக!

இங்கேதான் சங்கடம் முளைக்கிறது. 1964-ம் வருஷத்து ஹெல்சிங்கி பிரகடனத்தின்படி, வைத்திய ஆராய்ச்சிக்கு உட்பட்ட எவனும் எப்பொழுது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். மருந்துச் சோதனையிலிருந்து விலகலாம், மாத்திரையை நிறுத்தினால் தீர்ந்தது. உள்ளே வைத்துத் தைத்த சிறுநீரகத்திலிருந்து விலகுவது எப்படி? "எனக்கு அலுத்துவிட்டது, இனிக் கண்காணிப்பு வேண்டாம்" என்று அவன் சொன்னால், ஊர் நலத்துக்காக அவனைக் கட்டாயப்படுத்தலாமா? கட்டாயப்படுத்தினால் சம்மதம் எங்கே? விட்டுவிட்டால் ஊர் எங்கே? இன்னும் பாருங்கள், மரணத்தின் வாசலில் நிற்பவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான். அந்தக் கையெழுத்து அவன் சுயாதீனமா, அல்லது அவன் பயமா?

சட்டத்தால் மட்டும் இந்த முடிச்சு அவிழாது. அவன் மனச்சாட்சி வேண்டும். "என் உயிருக்காக முன்பின் அறியாத பலர் சிறிது ஆபத்தை ஏற்றிருக்கிறார்கள். ஆகையால் என் ஆயுள் முழுவதும் அவர்களுக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று அவன் தானே உணர வேண்டும். அப்படி உணர்ந்து ஏற்றுக்கொள்ளும் சம்மதமே முழுச் சம்மதம். வெறும் "சரி" என்பது அதில் பாதி.

இரண்டு ஆட்சேபங்கள்

ஒருவர் சொல்வார்: "இத்தனை சந்தேகம் இருக்குமானால் இந்த வேலையே வேண்டாம். அடியோடு நிறுத்திவிடலாமே!" இது பத்திரமான வார்த்தையாகத் தோன்றும். ஆனால் நல்ல சமாரித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை விட்டு ஒதுங்கிப் போனவர்கள் எவருக்கும் ஒரு தீமையும் செய்யவில்லை. சும்மா போனார்கள், அவ்வளவே. அதுவே அவர்கள் குற்றம். அமெரிக்காவில் மாத்திரம் உறுப்புக்காகக் காத்திருப்போர் ஒரு லட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொரு நாளும் அவர்களில் சிலர் காத்திருந்தே இறக்கிறார்கள். நமக்குப் பயம் என்பதற்காக அவர்கள் கண் முன்னே கதவைச் சாத்துவது எளிது. ஆனால் சாத்திய கதவின் மறுபுறத்தில் கிடப்பவனும் நம் அயலான்தான்.

மற்றொருவர் சொல்வார்: "ஆபத்து லட்சத்தில் ஒன்றோ, கோடியில் ஒன்றோ! தினந்தோறும் பஸ்ஸில் ஏறுகிறோமே, அதில் இல்லாத ஆபத்தா?" பஸ்ஸின் ஆபத்து தெரிந்த ஆபத்து. எத்தனை பஸ் ஓடிற்று, எத்தனை கவிழ்ந்தது என்று கணக்குண்டு. கவிழ்ந்தாலும் அந்தப் பஸ்ஸோடு போகும், அடுத்த ஊர் பஸ்ஸைத் தொற்றிக் கவிழ்க்காது. இந்த ஆபத்தோ இன்னும் கணக்கெடுக்க முடியாதது. வந்தால் வந்த இடத்தில் நில்லாதது. சிறிய ஆபத்து என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அளந்திருக்க வேண்டும். அளக்காததைச் சிறிதென்பது தைரியமல்ல, அசட்டை.

அப்படியானால் நடுவழி எது? திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. 1956-ம் ஆண்டிலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மிருகத்திலிருந்து மனிதனுக்கு உறுப்பு மாற்றுவதை ஒரேயடியாகத் தவறென்று தள்ள முடியாது, எந்த உறுப்பு, எதற்காக என்று பகுத்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். 2000-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ந் தேதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், உறுப்பு மாற்று வைத்தியர்களின் மகாநாட்டில் அதையே நினைவூட்டி, இரண்டு நிபந்தனைகளை வைத்தார். மனிதனுடைய ஆளுமைக்குப் பங்கம் வரக் கூடாது. பெறுகிறவனை மட்டுமீறிய ஆபத்துக்கு உள்ளாக்கவும் கூடாது. மறு வருஷம் உயிருக்கான பாப்பிறைக் கழகம் இப்பொருளை விரிவாக ஆராய்ந்து, கிருமி பரவும் ஆபத்தைத் தனியே எடுத்துப் பேசிற்று. நம்பத்தக்க கணக்கு கிடைக்கும்வரை மிகுந்த எச்சரிக்கை வேண்டும், ஆனால் எச்சரிக்கை என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதென்று அர்த்தமல்ல என்பதே அதன் கருத்து. மிருகங்களும் சிருஷ்டிகரின் கைவேலையே. ஆகையால் அவற்றை மனம்போனபடி வதைக்க நமக்கு உரிமையில்லை, மனித உயிரைக் காக்கும் தக்க காரணம் இருக்க வேண்டும் என்பதையும் அது சொல்ல மறக்கவில்லை.

இதிலிருந்து நாம் சில நியமங்களை எடுத்துக்கொள்ளலாம். வேறு வழி ஒன்றுமில்லாதவனுக்கே இது. முதலில் சிலருக்கு, பார்த்துப் பார்த்து, மெதுவாக. தெரிந்ததையும் தெரியாததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆபத்தின் அடையாளம் கண்டால் நிறுத்தும் துணிவு வேண்டும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் சரி. இன்னுமொன்று: கண்காணிப்பு உள்ள தேசத்தில் மறுக்கப்பட்டவர்கள் கண்காணிப்பு இல்லாத தேசத்துக்குப் போய்ச் செய்துகொண்டு திரும்பினால், விதியெல்லாம் வீண். 2008-ல் சீனாவின் சாங்ஷா நகரில் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய கூட்டம் இதைத்தான் வற்புறுத்திற்று: அரசாங்கக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சை நடக்கவே கூடாது. கிருமிக்குக் குடியுரிமைச் சீட்டு வேண்டியதில்லை அல்லவா?

நம் பங்கு என்ன?

"இதெல்லாம் பெரிய வைத்தியர்களும் அரசாங்கமும் பார்க்க வேண்டிய விஷயம், நமக்கென்ன?" என்று இந்தப் பக்கத்தை மடித்து வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை.

முதலாவது, மனிதன் ஏன் பன்றியிடம் போய் நிற்கிறான்? மனிதனிடம் கிடைக்காததனால்தான். மண்ணோடு மண்ணாய்ப் போகும் நம் சிறுநீரகமும் ஈரலும் இருதயமும், சாகும் தறுவாயிலுள்ள ஒருவனைப் பிழைக்க வைக்கக்கூடியவை. அவற்றில் நாம் பேசிய இந்த மிருகக் கிருமியின் பயம் இல்லை. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி வழங்கும் அரசாங்க ஏற்பாடு 2008 முதல் நடந்து வருகிறது. அப்படித் தானம் செய்தவரின் உடலுக்கு 2023 முதல் அரசாங்க மரியாதையும் செய்யப்படுகிறது. ஆனால் அந்தத் துக்க வேளையில் வைத்தியர் வந்து கேட்கும்போது, குடும்பத்தார் திகைத்து "வேண்டாம்" என்றே பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். ஏன்? முன்னதாக அவர்கள் அதைப்பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. உங்கள் வீட்டில் பேசியதுண்டா? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் என்ன? பன்றியின் உறுப்பு ஆபத்தானது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நம் உறுப்பையும் கொடுக்க மாட்டோமென்றால், காத்திருப்பவனுக்கு நாம் விட்டுவைத்த வழி எது?

இரண்டாவது, அயலானுக்கு ஆபத்து வராமல் நடந்துகொள்ளும் கடமை, பன்றி இருதயம் வைத்துக்கொண்டவனுக்கு மட்டும் உரியதன்று. காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு "ஒன்றுமில்லை டீச்சர்" என்று சொல்லும் தாய்க்கும், சயரோக மருந்தை உடம்பு தேறியதும் பாதியில் நிறுத்திவிடும் மனிதனுக்கும் அதே கடமை உண்டு. பெரிய ஆஸ்பத்திரியின் பெரிய கேள்வியும் நம் வீட்டுத் திண்ணையின் சின்னக் கேள்வியும் ஒன்றுதான்: என் சௌகரியத்துக்காக, அவனைக் கேட்காமல், அவன் தலையில் எதை வைக்கிறேன்?

முன் காலத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டாருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம், இடைஞ்சலாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் தெருவில் போகிறவன் அதைக் கண்டு விலகிப் போவான். அக்கம்பக்கத்தார் வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போவார்கள். நோயுற்ற வீடு தெருவைக் காத்தது. தெரு நோயுற்ற வீட்டைக் காத்தது. நுண்ணோக்கியும் மரபணுவும் அறியாத அந்த ஜனங்கள், இன்று விஞ்ஞானிகள் விதி எழுதித் தேடும் நியாயத்தை வாசற்படியிலேயே அறிந்திருந்தார்கள்.

நாமும் அதை மறக்க வேண்டாம். ஒருவன் பிழைக்கட்டும், ஊரும் பிழைக்கட்டும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பிடிப்பது பிறர்சிநேகமாகாது.